கடுகுத் தெருவின் இரட்டைப்படைப் பக்கம்

பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் வீடு பார்க்கிறவர்களுக்கு நான் சொல்லும் புத்தி ஒன்றுதான். சைக்கிளில் பத்து நிமிடத்தில் வந்துவிடக்கூடிய தூரத்தில் பார்க்கவே பார்க்காதீர்கள். மழையில் அதற்கு மேல் மிதிக்க ஆராய்ச்சியாளர்களுக்கு மனம் வராது. ஆகவே மனிதகுலத்தைப் பற்றிக் கண்டுபிடிக்க வேண்டியதையெல்லாம் அந்தப் பத்து நிமிடத்துக்குள் குடியிருக்கிறவர்களிடமே கண்டுபிடித்துவிடுவார்கள். எங்கள் கடுகுத் தெரு ஏழு நிமிடத் தூரம்.

நான் இந்தத் தெருவில் முடி வெட்டுகிறவள், பெயர் ஹில்யா. வீட்டின் முன்னறையே கடை. தலையைக் கொடுத்துவிட்டு உட்காருகிறவர்கள் வாயைச் சும்மா வைத்துக்கொண்டிருக்க மாட்டார்கள், அதனால் தெருவில் எனக்குத் தெரியாமல் எதுவும் நடப்பதில்லை. எங்களைப் போல் அளக்கப்பட்ட ஜனங்கள் நெதர்லாந்தில் வேறு எங்கும் இருக்க முடியாது. நாங்கள் தூங்குவதை அளந்திருக்கிறார்கள், நடப்பதை அளந்திருக்கிறார்கள், எவ்வளவு ரொட்டியை வீணாக்குகிறோம் என்று குப்பையைக் கிளறி எடை போட்டிருக்கிறார்கள். ஒருமுறை, "கடந்த வாரம் எத்தனை தடவை மனம்விட்டுச் சிரித்தீர்கள்?" என்று ஒரு கேள்வி வந்தது. பக்கத்து வீட்டு வுப்போ, "இந்தக் கேள்வியைப் படித்தபோது ஒரு தடவை" என்று பதில் எழுதினார். அதை ஒன்று என்று எடுத்துக்கொள்வதா, பூஜ்யம் என்று எடுத்துக்கொள்வதா என்று விசாரிக்க இரண்டு பேர் நேரில் வந்தார்கள்.

வுப்போ ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். மனைவி இறந்து வெகுகாலம் ஆகிறது. ஈ காக்கை இல்லாத நிறுத்தத்தில்கூட, புறப்படும் நேரம் வரும்வரை கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்த மனிதர். தினமும் காலை பத்து மணிக்குத் தெருவைக் கடந்து எதிர்வீட்டு ரீம்கேயிடம் காபி குடிக்கப் போவார். என் சிநேகிதி ரீம்கே நகராட்சி நீச்சல்குளத்தில் பயிற்சி கொடுத்தவள். இந்த ஊரில் பாதிப் பேர் தண்ணீரைவிட அவள் அதட்டலுக்குப் பயந்துதான் நீந்தக் கற்றார்கள். போன குளிர்காலத்தில் இடுப்பில் செயற்கை மூட்டு வைத்ததிலிருந்து கைத்தடியோடு நடக்கிறாள், குரலுக்கு மட்டும் தடி தேவைப்படவில்லை. எங்கள் ஊரில் காபிக்கு ஒரு பிஸ்கட் தருவோம், தந்த கையோடு டப்பாவை மூடி அலமாரியில் வைத்துவிடுவோம். ரீம்கே வுப்போவுக்கு மட்டும் டப்பாவை மேசைமேல் திறந்தபடி விட்டுவைப்பாள். இதற்குமேல் ஒரு பெண் என்னதான் சொல்ல முடியும்? வுப்போவைத் தவிரத் தெருவில் எல்லோருக்கும் அது புரிந்திருந்தது.

தொல்லை ஒரு கல்லில் ஆரம்பித்தது. வுப்போ வீட்டு வாசலில் நடைபாதைக் கல் ஒன்று ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. முட்டி வலிக்காரர், இரண்டு தடவை தடுக்கிவிட்டார். தெருக்களை வாழத் தகுந்தவையாக வைத்திருப்பதற்கென்றே நகராட்சி நடத்தும் வாழ்தகுதி அலுவலகத்துக்கு, கல்லைச் சரிசெய்து தாருங்கள் என்று மரியாதையாக எழுதிப் போட்டார். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது. அலுவலகம் அந்தக் கடிதத்தைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பி வைக்க, எல்லோரும் சமூகக்கூடத்துக்கு வர வேண்டும், கேக் உண்டு என்று அழைப்பு வந்தது.

வாழ்தகுதி அலுவலகத்தின் தலைவர் மௌரிட்ஸ் ஹாகடோர்ன் மேடை ஏறினார். கழுத்தில் சிவப்புப் பட்டுத் துண்டு, கண்ணில் கருணை.

"கடுகுத் தெரு மக்களே! உங்கள்ல ஒருத்தர் ஒரு கல்லைப் பத்தி எழுதியிருந்தார். கல்லை நிமிர்த்தறது சுலபம். அரை மணி நேர வேலை. ஆனா சுலபமானதைச் செய்யறதுக்கு ஒரு அலுவலகம் எதுக்கு, சொல்லுங்க? அந்தக் கல்லுக்குக் கீழே என்ன இருக்குன்னு நாங்க யோசிச்சோம்."

"மண்ணு," என்றார் வுப்போ.

"நலம்!" என்றார் ஹாகடோர்ன். "ஒரு சமூகத்தோட நலம்!"

அடுத்து பேராசிரியர் ஒட்டிலீன் வெர்ஸ்கூர் எழுந்தார். மெலிந்த அம்மா. புருவத்தைச் சுருக்கிச் சுருக்கி அங்கே ஒரு வாய்க்கால் விழுந்திருந்தது. திட்டத்தை விளக்கினார். தெருவில் ஒரு பக்கத்து வீடுகளுக்கு எல்லா நலமும் செய்யப்படும். மரங்கள், பெஞ்சுகள், புது விளக்குகள், வீடு தேடி வரும் பயிற்சியாளர்கள். மறுபக்கத்துக்கு எதுவுமே செய்யப்படாது. அப்போதுதான் செய்ததால் என்ன ஆயிற்று என்று ஒப்பிட்டுப் பார்க்க முடியும்.

"எதுவும் செய்யாத பக்கத்துக்கு என்ன கிடைக்கும்?" என்று நான் கேட்டேன்.

"எங்க நன்றி," என்றார் பேராசிரியர். "நீங்க எதையும் பெறாம இருக்கறதுதான் அறிவியலுக்கு நீங்க தர்ற கொடை. ஒப்பீட்டுக் குழுங்கறது கௌரவமான இடம்."

ஒற்றைப்படை எண் வீடுகளா, இரட்டைப்படை வீடுகளா என்று முடிவு செய்ய ஹாகடோர்ன் நாணயம் சுண்டினார். அது கைதவறி கேக் மேசைக்கு அடியில் ஓடிவிட்டது. நகரத்தின் வாழ்தகுதியும் பல்கலைக்கழகமும் மண்டியிட்டு மேசைத்துணிக்குள் தலையை விட்டுத் தேடின. ஒற்றைப்படைக்கு நலம், இரட்டைப்படைக்கு நன்றி என்று தீர்ப்பாயிற்று. ரீம்கே வீடு ஒற்றைப்படை, வுப்போ வீடும் என் வீடும் இரட்டைப்படை. எழுந்து ஆட்சேபிக்கலாம் என்று பார்த்தால் எல்லோர் வாயிலும் கேக். தின்ற பிறகு கையெழுத்துப் போடாமல் வருவது எங்கள் ஊரில் நாகரிகம் இல்லை.

வசந்தம் முடிவதற்குள் எதிர்ப்பக்கம் கல்யாண வீடாகிவிட்டது. லாரியில் எலுமிச்சை நிறப் பூப்பூக்கும் மரங்கள் வந்திறங்கின. முதுகு சாய வசதியான பெஞ்சுகள் வந்தன. வாசலுக்கு வாசல் பூந்தொட்டி. ரீம்கேயின் இடுப்புக்கென்றே ஒரு பயிற்சியாளர் வீட்டுக்கு வந்தார், படிக்குப் பக்கத்தில் கைப்பிடிக் கம்பி போட்டுக் கொடுத்தார். எங்கள் பக்கத்தில் ஒரு விளக்கு எரியாமல் போனது, அது அப்படியே இருக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது.

வுப்போ பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். ஒரு சனிக்கிழமை, மண்வாரியும் ரப்பர் சுத்தியலும் எடுத்து வந்து அந்தக் கல்லைத் தானே பெயர்த்து, மணல் போட்டு, சமமாக வைத்தார். திங்கட்கிழமை ஹாகடோர்னே நேரில் வந்துவிட்டார். கையில் கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டம், மரத்துண்டு ஒன்று, பழைய புகைப்படம் ஒன்று.

"என்ன காரியம் பண்ணிட்டீங்க?" என்று வுப்போவைக் கேட்டார். குரலில் கோபம் இல்லை, இழவு வீட்டுத் துக்கம் இருந்தது. "இந்தக் கல்லு திட்டம் ஆரம்பிச்சப்ப எப்படி இருந்துச்சோ அப்படித்தான் கடைசிவரைக்கும் இருக்கணும்."

"ஆளு விழுந்துடுவாங்களே."

"விழலாம். ஆனா முன்ன விழுந்த அளவுக்குத்தான் விழணும்."

பட்டுத் துண்டை முதுகுப்பக்கம் தள்ளிவிட்டு முழங்காலிட்டு, கல்லுக்கு அடியில் மரத்துண்டைச் செருகி, ரசமட்டத்தையும் புகைப்படத்தையும் மாறி மாறிப் பார்த்து, ஒரு சிற்பி போல அந்தக் கல்லை மறுபடியும் கோணலாக்கினார். எழுந்து திரும்பிப் போகும்போது அதிலேயே தடுக்கினார். "சரியா இருக்கு," என்று திருப்தியோடு சொல்லிவிட்டு நொண்டிக்கொண்டே போனார்.

கல் போகட்டும். அடுத்தது காபியில் வந்து நின்றது.

பத்து மணிக்கு வுப்போ ரீம்கேயின் வாசலுக்குப் போனபோது அங்கே பேராசிரியர் நின்றிருந்தார். ரீம்கே கதவைத் திறந்து பிடித்தபடி இருவரையும் பார்த்தாள். ஒரு தலைக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்த நான் வாடிக்கையாளரை அப்படியே விட்டுவிட்டு வாசலுக்கு வந்துவிட்டேன்.

"நீங்க உள்ள போகக்கூடாது," என்றார் பேராசிரியர். "கலப்படம் ஆயிடுவீங்க."

"காபிதானே குடிக்கப் போறேன்," என்றார் வுப்போ.

"வெறும் காபி இல்லயே. இந்தம்மா மரத்தைப் பாத்து, பெஞ்சுல உக்காந்து, பயிற்சி பண்ணி, மனசு லேசாகி இருக்காங்க. பேசினா அந்த லேசு உங்களுக்கும் ஒட்டிக்கும். அப்புறம் எங்க அளவு என்ன ஆகறது?"

"ஒட்டினா ஒட்டட்டுமே, நான் என்ன கணக்கா பாக்கறேன்?" என்றாள் ரீம்கே. "யோவ் வுப்போ, நீ உள்ள வாய்யா. காபி ஆறுது."

வுப்போ தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டார். "நான் இந்தத் திட்டத்துலேந்து விலகிக்கலாமா?"

"தாராளமா. உங்க உரிமை," என்றார் பேராசிரியர். "ஆனா இரட்டைப்படைப் பக்கத்துல ஒருத்தர் குறைஞ்சாலும் ஒப்பீடு நிக்காது. திட்டமே மூடிப்போகும். மரம், பெஞ்சு, இந்தம்மாவோட இடுப்புப் பயிற்சி எல்லாத்தையும் திருப்பி எடுத்துக்க வேண்டியிருக்கும்."

வுப்போ ரீம்கேயின் கைத்தடியைப் பார்த்தார். கைப்பிடிக் கம்பியைப் பார்த்தார். "கையெழுத்துப் போட்டுட்டேன். போட்டது போட்டதுதான்," என்றார்.

"எனக்காக நீ ஒண்ணும் தியாகி ஆக வேணாம்!" என்று ரீம்கே கத்தினாள். தெருக்கோடிக் கால்வாயிலிருந்து வாத்துகள் எழும்பிப் பறந்தன.

"உனக்காக யாரு சொன்னா? கையெழுத்துக்காக," என்று சொல்லிவிட்டு வுப்போ தெருவைக் கடந்து திரும்பினார். எனக்கு அந்த நேரத்தில் அவர்மேல் வந்த ஆத்திரமும் பாசமும் கொஞ்சநஞ்சமில்லை. தலையசைக்கலாம் என்றும், கையசைக்கலாம், ஆனால் நீண்ட நேரம் வேண்டாம் என்றும் பேராசிரியர் பெருந்தன்மையோடு அனுமதி கொடுத்தார். அன்றிலிருந்து பத்து மணிக்கு வுப்போ தன் ஜன்னலில் நிற்பார், ரீம்கே தன் ஜன்னலில் நிற்பாள். கோப்பையைத் தூக்கிக் காட்டிவிட்டுத் தனித்தனியாகக் குடிப்பார்கள்.

அதுவும் பல்கலைக்கழகத்தின் கண்ணில் பட்டது. ஜன்னலில் நின்றால் எதிர்ப்பக்கத்து மரங்கள் தெரிகின்றன. பச்சையைப் பார்த்தால் இரத்த அழுத்தம் குறையும் என்று அவர்களே முன்பு எழுதியிருக்கிறார்கள். ஒப்பீட்டுக் குழு ஓசியில் நலம் பெறுகிறது! இரட்டைப்படை வீடுகள் எல்லாவற்றுக்கும் தடித்த சாம்பல் நிறத் திரைச்சீலைகள் வந்தன. பகல் முழுக்க மூடியிருக்க வேண்டும்.

கல்லைப் பொறுத்தோம், விளக்கைப் பொறுத்தோம், திரைச்சீலையை எப்படிப் பொறுப்பது? எங்கள் ஊரில் முன்னறை ஜன்னலை யாரும் மூடுவதில்லை. போகிறவர் வருகிறவர் எல்லாம் உள்ளே பார்ப்பார்கள், நாங்கள் சாப்பிட்டுக்கொண்டே கையை ஆட்டுவோம். ஒளிக்க ஒன்றும் இல்லை என்பதுதான் எங்கள் மானம். பட்டப்பகலில் திரை மூடிய வீடு என்றால் உள்ளே பிணம் இருக்கிறதா பணம் இருக்கிறதா என்றுதான் கேட்பார்கள். நான் திரைக்குப் பின்னால் முடிவெட்டிக்கொண்டிருந்த முதல் நாளே, ஒரு வாடிக்கையாளரின் மனைவி பாதியில் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். முடி வெட்டிக்கொண்ட மனிதருக்கு எண்பது வயது. அவர் அன்று எனக்கு வழக்கத்தைவிட அதிகம் இனாம் வைத்தார்.

சொந்த வீட்டில் திருடனைப் போல உட்கார்ந்திருக்க யாராலும் முடியவில்லை. ஒருவர் பின் ஒருவராக முன்னறையை விட்டுக் கொல்லைப்பக்கம் போனோம். எங்கள் வீடுகளுக்குப் பின்னால் ஒரு சந்து உண்டு. சைக்கிளையும் குப்பைத் தொட்டியையும் தவிர வேறெதுவும் அங்கே நின்றதில்லை. வுப்போ ஒரு நாற்காலியைப் போட்டார். நான் ஒன்று போட்டேன். மூலைவீட்டில் பதினோரு மாணவர்கள் குடியிருந்தார்கள். வெள்ளிக்கிழமை இரவுக் கூச்சலுக்காக நாங்கள் அவர்களோடு வருடக்கணக்கில் சண்டை. அவர்களும் திரைச்சீலை தாங்காமல் கிழிந்த சோபா ஒன்றைத் தூக்கிக்கொண்டு சந்துக்கு வந்தார்கள். பொது எதிரி கிடைத்தால் பங்காளிச் சண்டை மறந்து போகும் அல்லவா? வேலிப் பலகைகள் சிலவற்றைக் கழற்றி மேசையாக்கினோம். வுப்போ பெரிய குடுவையில் காபி கொண்டுவந்தார். உட்கார்ந்து நகராட்சியைத் திட்டினோம், பல்கலைக்கழகத்தைத் திட்டினோம். குறை சொல்வது எங்கள் நாட்டில் மூச்சுப்பயிற்சி மாதிரி, அதில் எங்கள் முகத்தில் களை ஏறியது. மழை வந்தால் மாணவர்கள் தார்ப்பாய் கட்டினார்கள். முழுநேரம் பரீட்சை பயத்தில் இருந்த ஒரு பெண் வுப்போவிடம் சீட்டாடக் கற்றுக்கொண்டு, தூக்க மாத்திரையை விட்டுவிட்டாள்.

எல்லோரும் சிரித்தார்கள். வுப்போ மட்டும் பத்து மணிக்கு ஒருமுறை கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் பேச்சை நிறுத்திவிடுவார்.

எதிர்ப்பக்கத்தில் நலம் தலைக்குமேல் போய்க்கொண்டிருந்தது. காலையில் மூச்சு, பிறகு சிரிப்பு, பிறகு சூப், பிறகு ஜோடியாக நடை, மாலையில் நன்றியுணர்வு. ஒரு பயிற்சியாளர் படியிறங்கும்போது அடுத்தவர் படியேறுவார். ரீம்கே முடிவெட்ட வந்து (முடிவெட்டுவது அத்தியாவசியச் சேவை என்று எனக்கு விலக்கு உண்டு) என் நாற்காலியில் அமர்ந்து பொரிந்து தள்ளினாள்.

"பத்து மணியாச்சுன்னா சிரிப்புக்காரி வந்துடறா, ஹில்யா. என் காபி நேரத்துல! நான் சிரிக்கலேன்னா எதிர்ப்புன்னு குறிச்சுக்கறா. சிரிச்சா முன்னேற்றம்னு குறிச்சுக்கறா. நேத்து மூக்கைச் சொறிஞ்சேன், அதுக்கு என்ன போடறதுன்னு தெரியாம மேலிடத்துக்கு போன் பண்றா."

"பேசாம சந்துக்கு வந்துடு."

"வந்தா அந்த மடையன் எழுந்து ஓடுவான்."

மறுநாள் அவள் தன் நடைப் பயிற்சியாளரிடம், இன்று தனியாக நடந்து பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு, ரொட்டிக்கடையைச் சுற்றிக்கொண்டு, தடியைத் தட்டித் தட்டிச் சந்துக்குள் வந்து நின்றாள். வுப்போ துள்ளி எழுந்தார்.

"வரக்கூடாதும்மா! கலப்படம்! உன் பயிற்சி போயிடும்!"

"நான் எங்கய்யா வந்தேன்? நடக்கறேன். மூச்சு வாங்குது, உக்காந்துக்கறேன். மூச்சு வாங்கற கிழவியைத் துரத்துவியா?"

துரத்தவும் முடியவில்லை, விதியை மீறவும் மனம் இல்லை. வுப்போ தன் நாற்காலியைத் திருப்பி, அவளுக்கு முதுகைக் காட்டிப் போட்டு உட்கார்ந்தார். பார்க்காவிட்டால் அது சந்திப்பு ஆகாது என்பது அவருடைய சட்டம். ரீம்கேயும் விடவில்லை, தன் நாற்காலியை அவர் முதுகோடு முதுகாகப் போட்டுக்கொண்டாள். அப்படியே கோடை முழுதும் பேசினார்கள். ஓட்டுநராக இருந்தவர், திரும்பிப் பார்க்காமல் பேசுவது அவருக்குக் கைவந்த வித்தை. முகத்துக்கு நேராகச் சொல்லத் துணியாததையெல்லாம் எதிர்ச்சுவரைப் பார்த்துச் சொன்னார். மனைவி போனபிறகு வீட்டில் வானொலியை அணைப்பதே இல்லை என்றார். எதிர்ஜன்னலில் கோப்பை தெரியாத நாட்களில் காபி கசக்கிறது என்றார். நான் அந்தப் பக்கம் காதை வைத்துக்கொண்டு உருளைக்கிழங்கு உரித்தேன்.

ஒருத்திக்கு மூச்சு வாங்கியதும் ஒற்றைப்படைப் பக்கம் முழுவதற்கும் வரிசையாக மூச்சு வாங்க ஆரம்பித்தது. இலையுதிர்காலத்துக்குள் பலகை மேசை சந்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நீண்டுவிட்டது.

பிறகு முடிவுகளை அறிவிக்கும் மாலை வந்தது. மறுபடியும் சமூகக்கூடம், மறுபடியும் கேக். பேராசிரியர் வெர்ஸ்கூரின் புருவத்து வாய்க்கால் இன்னும் ஆழமாகியிருந்தது.

"முடிவுகள் நாங்க எதிர்பார்த்த திசையில இல்ல," என்று ஆரம்பித்தார். "நலம் செய்யப்பட்ட பக்கத்துல தூக்கம் குறைஞ்சிருக்கு. இரத்த அழுத்தம் ஏறியிருக்கு. வீட்டை விட்டு ஓடிடலாமாங்கற எண்ணம் எல்லா வயசுலயும் இருக்கு. எதுவுமே செய்யாத பக்கம்தான்..." தண்ணீர் குடித்தார். "எல்லா விதத்துலயும் மேல. ஏன்னு தெரியல. நாங்க எல்லாத்தையும் அளந்தோம்."

கொல்லைப்பக்கச் சந்து அவர்கள் அளவில் வரவில்லை. அது முன்பக்கத்தில் இல்லை.

பேராசிரியர் இடிந்து நின்றாரே தவிர, ஹாகடோர்ன் இடியவில்லை. முகமெல்லாம் ஒளி.

"இதைவிட நல்ல செய்தி உண்டா? நாங்க எதுவும் செய்யாத இடத்துல மக்கள் நல்லா இருக்காங்க! இது எங்க அலுவலகத்துக்குக் கிடைச்ச மகத்தான வெற்றி. இந்த முறையை நகரம் முழுக்கக் கொண்டு போகப்போறோம். எதுவும் செய்யாம இருக்கறதுக்குன்னு ஒரு தனிப் பிரிவு, அதுக்கு ஒரு மேலாளர், நாலு ஒருங்கிணைப்பாளர்கள். எல்லா வீட்டுக்கும் சாம்பல் நிறத் திரைச்சீலை!"

"மௌரிட்ஸ்," என்றாள் ரீம்கே. "நீச்சல் கத்துக்க வந்த உன்னைக் குளத்துல நான் தள்ளிவிட்டப்பவும் இப்படித்தான் முழுகிக்கிட்டே கையை ஆட்டினே."

ஹாகடோர்ன் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். பேராசிரியர் உட்கார்ந்தபடியே தொடர்ந்தார். முடிவைச் சரிபார்க்க இரண்டாம் கட்டம் உண்டு, பக்கங்கள் மாறும். இனி இரட்டைப்படை வீடுகளுக்குச் சிரிப்பும் சூப்பும், ஒற்றைப்படை வீடுகளுக்குத் திரைச்சீலை. ஒரு பக்கத்தார் மறுபக்கத்தாரோடு பழகக்கூடாது என்பது இந்தத் தடவை வீடுகளின் பின்புறத்தையும் சேர்த்துக் கண்காணிக்கப்படும்.

கூடத்தில் கேக் மெல்லும் சத்தம் நின்றது. வுப்போ எழுந்தார். கூட்டங்களில் அவர் எழுந்து நான் பார்த்ததில்லை. தொப்பியைக் கசக்கிக்கொண்டே கேட்டார்.

"ஒரு சந்தேகம். ஒரே குடும்பத்துல இருக்கறவங்களை ரெண்டு குழுவா பிரிப்பீங்களா?"

"கூடவே கூடாது. ஒரு குடும்பம்னா ஒரே குழு."

"குடும்பம்னா யாரு?"

"ஒரே மேசையில வழக்கமா சேர்ந்து சாப்பிடறவங்க, குடிக்கறவங்க," என்றார் பேராசிரியர். "ரத்த உறவு முக்கியமில்ல. மேசைதான் முக்கியம்."

"அப்படின்னா," என்றார் வுப்போ. குரல் ஒருமுறை நின்று கிளம்பியது. "நானும் ரீம்கேயும் ஒரு குடும்பம். கோடைக்காலம் முழுக்க ஒரே மேசையில காபி குடிச்சோம். பின்சந்துல. தப்புதான். முதுகைத் திருப்பிக்கிட்டுத்தான் குடிச்சேன், ஆனா குடிச்சேன். இனிமே எங்களைப் பிரிக்காதீங்க. என்னால முடியல."

வாழ்நாளில் ஒரு நிறுத்தத்தைத் தவறவிடாத மனிதர், ஊர் முன்னிலையில் தன் குற்றத்தை ஒப்புக்கொண்டு நின்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைக்க என்ன இருக்கிறது?

ரீம்கேயின் முகம் சிவந்து போயிற்று. "யோவ்! ஊருக்கே சொல்லிட்டியே, என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"விதியைக் கேட்டேன். உன்னைக் கேக்க மறந்துட்டேன்," என்றார் வுப்போ பரிதாபமாக.

அப்போது நான் எழுந்தேன். "நானும் அதே மேசைதான்," என்றேன். மூலைவீட்டு மாணவர்கள் பதினோரு பேரும் எழுந்தார்கள். எதிர்ப்பக்கத்தில் மூச்சு வாங்கியவர்கள் அத்தனை பேரும் எழுந்தார்கள். நாற்காலிகள் தரையில் உராயும் சத்தம் அடங்கியபோது உட்கார்ந்திருந்தவர்கள் ஹாகடோர்னும் பேராசிரியரும்தான்.

பேராசிரியர் பேனாவால் எங்களை எண்ணிக்கொண்டே வந்து பாதியில் கையைத் தாழ்த்தினார். "தெரு முழுக்க ஒரே குடும்பம்னா, எங்களுக்கு இருக்கறது ஒரே ஒரு குழுதான். ஒண்ணை எதோட ஒப்பிடறது?"

"திட்டம் இல்லேன்னா மரமும் இல்ல!" என்று ஹாகடோர்ன் துள்ளினார். "நாளைக்கே பிடுங்கறோம்!"

"பிடுங்கு தம்பி," என்றாள் ரீம்கே. "இந்த நகரத்துல மரத்துல கை வைக்க அனுமதி வேணும். அனுமதிக்கு ஆட்சேபம் சொல்ல பக்கத்து வீட்டுக்காரங்க எல்லாருக்கும் உரிமை உண்டு. ஆட்சேபத்தை விசாரிக்க உங்க அலுவலகத்துக்கு எத்தனை வருஷம் ஆகும்னு உனக்கே தெரியும். என் இடுப்பைப் பத்தி நீ கவலைப்படாதே, அது இப்ப சந்துவரைக்கும் தானா நடக்குது."

பேராசிரியர் திடீரென்று சிரித்துவிட்டார். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணில் நீர் வரச் சிரித்தார். அதை யாரும் எங்கும் குறித்துக்கொள்ளவில்லை.

அதன் பிறகு வந்த தொல்லைகள் வேறு. ஒரே குடும்பம் என்று பதிவாகிவிட்டதால் நகராட்சி எங்கள் தெருவுக்கு ஒரே ஒரு குப்பைத் தொட்டி கொடுத்தது. அதற்காக நாங்கள் இன்றுவரை எழுதிக்கொண்டிருக்கிறோம். ஆனால் நான் சொல்ல நினைத்தது கூட்டத்துக்கு மறுநாள் காலையில் நடந்தது.

பேராசிரியர் தன் சைக்கிளில் வந்து, விளக்குக் கம்பங்களில் கட்டியிருந்த அளவுக்கருவிகளை அவிழ்த்துக்கொண்டிருந்தார். பத்து மணிக்கு வுப்போ வெளியே வந்தார். சவரம் செய்து, ஞாயிற்றுக்கிழமைக் கோட்டு போட்டிருந்தார். நடைபாதை ஓரத்தில் நின்று, இடமும் வலமும் பார்த்துவிட்டு, பேராசிரியரிடம் கேட்டார்.

"இப்ப நான் அந்தப் பக்கம் போகலாமா?"

"எனக்கு எப்படித் தெரியும்?" என்றார் பேராசிரியர், கையில் கம்பிச்சுருளோடு. "நீங்க இப்ப என்னோட எந்தக் குழுவுலயும் இல்ல."

எதிர்க்கதவு திறந்தது. "ஏன்யா, இன்னும் அந்தம்மாகிட்ட என்ன கேள்வி?" என்று ரீம்கே அங்கிருந்தே கத்தினாள். "என் வீட்டுக்கு வர என்னைக் கேளு!"

வுப்போ தெருவைக் கடந்து அவள் படிக்குக் கீழே போய் நின்றார். தொப்பியைக் கழற்றினார். அவள் முகத்தை நேராகப் பார்த்தார்.

"வரட்டுமா, ரீம்கே? காபிக்கு மட்டும் இல்ல. இருக்கறதுக்கு."

பாதி நகரத்தை அதட்டியே கரையேற்றியவள் கதவை இன்னும் அகலத் திறந்தாள். தடியைச் சுவரில் சாய்த்து வைத்தாள். வாசலை விட்டு நகர்ந்து அவருக்கு வழிவிட்டாள்.